பேங்க் கியாரண்டியில் வரும் 'வித்தவுட் டிமர்': சரியான பொருள் என்ன?

கேள்வி:
டெண்டருக்குக் கொடுக்கும் பேங்க் கியாரண்டி (ஒப்பந்ததாரர் தவறினால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) படிவத்தில் 'வித்தவுட் எனி டிமர்' (without any demur) என்று இருக்கிறது. அகராதி 'ஆட்சேபம்' என்கிறது. அப்படியானால் 'அப்ஜெக்‌ஷன்' என்று மாற்றினால் என்ன? தமிழில் எப்படி எழுதுவது?

பதில் 1:
மாற்றாதீர்கள். லத்தீனில் 'டெமொராரி' என்றால் தாமதித்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'டிமர்' ஆனது. முகத்துக்கு நேரே மறுப்பதல்ல. தயங்கி, 'இது சரிவருமா?' என்று இழுப்பது. துறைமுகத்தில் இலவச நாட்கள் தாண்டியும் கன்டெய்னர் கிடந்தால் கட்டுகிறோமே டெமரேஜ், அதற்கும் இதே வேர்தான்.

கியாரண்டியில் இந்த ஒரு சொல் இரண்டு கதவுகளை அடைக்கிறது. பணம் கேட்டால் வங்கி மறுக்கக் கூடாது. 'ஒப்பந்ததாரரைக் கேட்டுச் சொல்கிறோம்' என்று இழுத்தடிக்கவும் கூடாது. 'மறுபேச்சும் தாமதமும் இன்றி' என்று எழுதினால் இரண்டும் வந்துவிடும். வெறும் 'ஆட்சேபமின்றி' என்றால் பாதிப் பொருள் போய்விடும்.

பதில் 2:
அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது, முழு வாக்கியத்தையும் படியுங்கள். ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் – பீகார் அரசு வழக்கில் (1999) கியாரண்டியில் 'நிபந்தனையின்றி' என்றே இருந்தது. ஆனால் 'ஒப்பந்தத்தின் இன்ன பிரிவை நிறைவேற்றாவிட்டால்' என்றும் சேர்த்திருந்தார்கள். அதனாலேயே அது நிபந்தனைக்குட்பட்டது என்றது உச்ச நீதிமன்றம். பணம் கோர வேண்டியவர் தலைமைப் பொறியாளர், கோரியவரோ செயற்பொறியாளர். அதுவும் செல்லவில்லை. கோரிக்கைக் கடிதத்தில் யார் கையெழுத்திட வேண்டும், கோருவதற்குக் கடைசி நாள் எது என்பதை முதலில் பாருங்கள்.

பதில் 3:
மொழி பற்றி ஒன்று. 'டிமர்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில். 'டிமியூர்' (demure) வேறு சொல், அடக்கமான என்று பொருள். எழுத்தில் கடைசி 'இ' ஒன்றுதான் வித்தியாசம், தட்டச்சில் அடிக்கடி தவறுகிறது. இறந்தகாலத்தில் 'ஆர்' இரட்டிக்கும். ஒரு யோசனைக்குத் தயங்கி மறுப்பதைச் சொல்ல, பின்னால் 'அட்' அல்லது 'டு' போடுங்கள். 'டிமரர்' சட்டச் சொல்: 'நீ சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது' என்ற வாதம். கலிபோர்னியா நீதிமன்றங்களில் இன்றும் வழக்கத்தில் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் வங்கி பணம் கொடுப்பதை ஒப்பந்ததாரர் தடுக்கவே முடியாதா?

பதில் 2:
வேலையில் தகராறு என்பது மட்டும் போதாது. அப்பட்டமான மோசடி, அல்லது பிறகு ஈடுசெய்யவே முடியாத அநீதி, இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் நீதிமன்றம் தடை தரும்.