தோளில் மாட்டி வாசிக்கும் கீட்டாருக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேடையில் கீட்டார் வாசிப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அச்சுக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள்களே உள்ளன. கிட்டாரைப் போல வாரிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வலக்கையால் கட்டைகளை அழுத்தி, இடக்கையால் கழுத்துப் பகுதியில் உள்ள சக்கரத்தையோ வருடுபட்டையையோ இயக்கிச் சுரத்தை வளைக்கும் மின்னிசைக் கருவியைத்தான் சொல்கிறேன். ஒலிபெயர்த்து எழுதினால் போதும் என்றே தொடங்கினேன். ஆனால், 'கீட்டார் வாசிப்பவர் கிட்டார் வாசிப்பவரை மறைத்து நிற்கக் கூடாது' என்று நான் எழுதியதை மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழையாகக் கருதி, 'கிட்டார் வாசிப்பவர் கிட்டார் வாசிப்பவரை மறைத்து நிற்கக் கூடாது' என்று திருத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு நெடிலை நம்பி ஒரு நூலை அச்சிட முடியாது. என் முன்மொழிவு 'தோள் விசைப்பலகை'. அது நீளம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். மூன்று தானங்களுக்கும் (சுரங்களின் கீழ், நடு, மேல் நிலைகள்) அவற்றிடையே மேலும் கீழும் தாவ உதவும் பொத்தான்களுக்கும் பெயர் தேவைப்படுகிறது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

முதலில் புணர்ச்சியைப் பார்ப்போம். தோள் என்பதோடு பலகை சேர்ந்தால் தோட்பலகை. கருவி சேர்ந்தால் தோட்கருவி. இரண்டாவதை யாரும் பரிந்துரைத்துவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று நம் முன்னோர் கருவிகளை வகுத்தபோது முதலில் நிற்பது தோற்கருவி. தோட்கருவிக்கும் தோற்கருவிக்கும் இடையே உள்ள வேற்றுமை மெய்ப்புத் திருத்துநருக்கு கீட்டாரையும் கிட்டாரையும் விடப் பெரிய சோதனையாகிவிடும்.

என் பரிந்துரை 'தோள்யாழ்'. யாத்தல் என்றால் கட்டுதல். நரம்புகள் யாக்கப்பட்டதால் அது யாழ் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. இக்கருவியோ வாரினால் உடலோடு யாக்கப்படுவது. ஆகவே நரம்பு இல்லாவிட்டாலும் யாத்தல் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு ஏழு என்று எண்ணிக்கை மாறியும் பெயர் மாறவில்லை; அந்த எண்ணிக்கை சுழியமே ஆனாலும் பெயர் நிற்கும். யாழின் உறுப்புப் பெயர்களும் இலவசமாகக் கிடைக்கும்: கழுத்துக்குக் 'கோடு', உடற்பகுதிக்குப் 'பத்தர்'.

மின்னணுப் பொறியாளர் எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும். நரம்பே இல்லாத யாழை என்னால் ஏற்க முடியவில்லை. தோள்யாழ் என்ற பெயருக்கு உண்மையிலேயே உரிய கருவி ஒன்று உண்டு. 1795ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவில் கார்ல் லியோபோல்டு ரோலிக் உருவாக்கிய ஆர்ஃபிகா, வாரிட்டு மாட்டிக்கொள்ளத்தக்க சிறிய பியானோ; அதில் கட்டைகளும் இருந்தன, நரம்புகளும் இருந்தன. அந்தப் பெயரை அதற்கே விட்டுவைப்போம்.

நம் கருவி வேறு வழியில் வந்தது. 1970களில் அமெரிக்க இசைக்கலைஞர் எட்கர் வின்டர் விசைப்பலகைக்கு வாரிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் நடந்தார். 1980இல் மூக் நிறுவனத்தின் லிபரேஷன் (விடுதலை) என்ற கீட்டார் வந்தது. 1983இல் மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் மிடி நெறிமுறை வந்தபின் பல நிறுவனங்கள் இறங்கின. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1984இல் வந்த யமாஹா கேஎக்ஸ்5 தானாக எந்த ஒலியையும் எழுப்பாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டுமே வேறொரு கருவிக்கு அனுப்பும். ஆகையால் 'தொகுப்பி' (சின்தசைசர்), 'இசை', 'ஒலி' ஆகிய மூன்றும் பெயரில் இடம்பெறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானியரும் இதைத் தோள் விசைப்பலகை என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரின் முதற்சொல் நீளம் தவிர வேறு குற்றமற்றது.

கல்லூரி மாணவர் எழுதியது:

கீட்டார் என்ற மூலச்சொல்லே கீபோர்டு, கிட்டார் என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தது என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். விசையையும் கிட்டாரின் கடைசிப் பகுதியையும் ஒட்டி 'விசைத்தார்' என்று வைத்தால் என்ன? தார் என்றால் மாலை, மார்பில் அணிவது. பாரசீகத்தில் தார் என்றால் நரம்பு. ஒரே சொல்லில் விசையும் நரம்பும் மாலையும் கிடைக்கின்றன.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

தம்பி, சிதாரில் உள்ள தார் பாரசீகத்தது. கிட்டாரில் உள்ளது அது அன்று. கிரேக்கத்துக் கிதாரா அரபு வழியாக எசுப்பானியம் சென்று கிட்டாராயிற்று. அதை அறுத்து எடுத்த கடைசித் துண்டுக்குத் தனிப்பொருள் கிடையாது. மாலை என்ற பொருளை நான் மிகவும் விரும்பினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இன்று விசைத்தார் என்று படிப்பவர் சாலை போடும் தாரைத்தான் நினைப்பார். இச்சொல்லைக் காப்பாற்ற ஆடவர் பலர் மார்பில் தார் புரண்ட பாடல்கள் அனைத்தையும் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டிவரும்.

மேடைக் கலைஞர் எழுதியது:

பல ஆண்டுகளாக இதை வாசித்து வருபவன் என்ற முறையில் ஒரு சோதனையை முன்வைக்கிறேன். நிகழ்ச்சிக்கு முன் ஒலி சரிபார்க்கும்போது, தாளக்கருவிகள் முழங்கிக்கொண்டிருக்க, மேடையிலிருந்து ஒலிப்பொறியாளரை நோக்கி 'மானிட்டரில் கீட்டாரைக் கொஞ்சம் ஏற்றுங்கள்' என்று கத்துவோம். அந்த வாக்கியத்தில் 'தோள் விசைப்பலகையை' என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள். சொல் முடிவதற்குள் பாட்டு தொடங்கிவிடும். இலக்கணப்படி எவ்வளவு தூயதாக இருந்தாலும், கத்த முடியாத சொல் மேடைக்கு வராது.

வேறொன்றும் கவனியுங்கள். இக்கருவியில் வலக்கை கட்டைகளை ஏறத்தாழப் பார்க்காமலே தேட வேண்டும். வாரைத் தாழ்த்தினால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும், உயர்த்தினால் முழங்கை இடிக்கும். இரண்டு கைகளால் வாசிக்கும் இசைவுகளை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இடக்கைப் பெருவிரலால் சுரத்தை வளைத்துக்கொண்டே கூட்டத்தின் முன்னால் வந்து நிற்கும்போது கிடைக்கும் உயிர்ப்பு, தாங்கியில் வைத்த விசைப்பலகைக்குப் பின்னால் நிற்பவருக்குக் கிடைக்காது. பெயர் அந்த விடுதலையைச் சொல்ல வேண்டும். மூக் நிறுவனம் அதைத்தான் பெயராக வைத்தது, அக்கருவி ஏறத்தாழ 6 கிலோ கனத்தது என்பது வேறு கதை.

கட்டை என்பதை விசை என்று திருத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாலு கட்டைச் சுருதி, ஐந்து கட்டைச் சுருதி என்று பாடகர் அனைவரும் சொல்லும்போது, 37 கட்டைகள் என்பதைவிடத் தெளிவான தொடர் எங்கே கிடைக்கும்?

இலக்கண ஆசிரியர் எழுதியது:

கட்டையை ஏற்கிறேன், பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலார் விட்ட வாயிலில் அது எப்போதோ நுழைந்துவிட்டது. தானம் மாற்றும் பொத்தான்களுக்குப் புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை: மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களுக்கும் பெயர் இருக்க, கீழே தாவுவது மெலிவுப் பொத்தான், மேலே தாவுவது வலிவுப் பொத்தான்.

சுரத்தை வளைப்பதற்குச் சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் வரும் எட்டு இசைக்கரணங்களைப் பாருங்கள்: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. சக்கரத்தைப் பெருவிரல் தள்ளுகிறது என்பதால் 'உந்தல்' பொருந்தும் என்று எழுத வந்தேன். உரையாசிரியர் அதற்கு வலிவும் மெலிவும் அறிதல் என்ற பொருளை அல்லவா தருகிறார் என்று நினைவு வந்ததால் அதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மின்னணுப் பொறியாளர் எழுதியது:

மெலிவுப் பொத்தான், வலிவுப் பொத்தான் இரண்டுக்கும் என் முழு ஆதரவு. ஒன்றரை நூறு மடல்களில் முதன்முறையாக நாம் உடன்படுகிறோம் என்று எண்ணுகிறேன். ஆனால் ஒலியளவுக் குமிழுக்கு அருகில் இந்தப் பெயர்களைப் பொறித்தால், ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் என்று புரிந்துகொள்வார்கள். 'தானம்' என்ற சொல்லை முன்னால் சேர்த்துவிடுங்கள்.

மேடைக் கலைஞர் எழுதியது:

தலைப்புச் சொல்லுக்குத் திரும்புவோம். 'தோளிசை' என்று மட்டும் வைத்தால் என்ன? மூன்றே எழுத்து, கத்த முடிகிறது, வேற்றுமை உருபும் தடையின்றி ஏறுகிறது: தோளிசையை, தோளிசைக்கு, தோளிசைக்காரர்.

மின்னணுப் பொறியாளர் எழுதியது:

இசையைப் பெயரில் வைக்கக் கூடாது என்று முன்பே எழுதியிருந்தேன். கேஎக்ஸ்5 இசைக்காது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

இசைக்கத் தேவையில்லை. விளைவின் பெயர் அதன் காரணத்துக்கு ஆகிவந்தால் அது காரியவாகுபெயர். அணியிலக்கண நூலைக் கற்றவனை அலங்காரம் கற்றான் என்கிறோம். அந்த நூல் எதையும் அணிந்துகொள்ளவில்லை. யாழைக் கைவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், தோளிசையில் வழு எதையும் காணவில்லை. வினைச்சொல் மட்டும் 'வாசித்தல்' என்றே இருக்கட்டும். மீட்டுவது நரம்பை; இங்கே அது இல்லை என்பதைப் பொறியாளர் ஏற்கெனவே எனக்குப் போதிய அளவு நினைவூட்டிவிட்டார்.

மாணவர் எழுதியது:

விசைத்தாரை நான் திரும்பப் பெறவில்லை. பெரும்பான்மையைத் தடுக்கவும் இல்லை.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

எட்டாம் நாள் ஆகிவிட்டது. தோளிசைக்கு ஐந்து பேரும், தோள் விசைப்பலகைக்கு இருவரும், விசைத்தாருக்கு ஒருவரும் எழுதியுள்ளீர்கள். வேறு நால்வர் எதற்கும் விடையளிக்காமல் தலைப்பில் உள்ள ஒற்றுப்பிழையை மட்டும் சுட்டியிருக்கிறார்கள். முதன்முறை வரும் இடத்தில் 'தோளிசைப்பலகை (கீட்டார்)' என்றும், அதன்பின் தோளிசை என்றும் வைத்து இன்று மாலை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் எழுதியது:

வெளியூர் சென்றிருந்ததால் தாமதமாகப் படிக்கிறேன். கட்டைகள் உண்டு, வாரிட்டுத் தோளில் மாட்டுவது, நின்றும் நடந்தும் வாசிப்பது: இத்தனையும் அக்கார்டியனுக்கு உண்டே? உங்கள் தோளிசைப்பலகை அதற்குத்தான் முதலில் பொருந்துகிறது. இரண்டும் ஒரே மேடையில் இருந்தால் யாரை ஏற்றச் சொல்லிக் கத்துவீர்கள்?

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

இரண்டாம் இயலில் அக்கார்டியனோடு ஒப்பிடும் பத்தி ஒன்று இருக்கிறது. அங்கே அதை அக்கார்டியன் என்றே விட்டிருக்கிறேன்.

மாணவர் எழுதியது:

அக்கார்டியனை அப்படியே விடலாம் என்றால் கீட்டாரை ஏன் விடவில்லை?

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அக்கார்டியனுக்குத் துருத்தி என்ற சொல்லை ஒட்டி என்னிடம் ஒரு பரிந்துரை உண்டு. தனி மடலில் தொடங்குகிறேன்.