அடிக்கடி அடைக்கிற ட்ரெயினேஜ் லைன்: மொத்தமா தோண்டித்தான் ஆகணுமா?

சந்துவீடு:
வணக்கம். பாத்ரூம், டாய்லெட், கிச்சன் எல்லாத்துக்கும் ஒரே லைன்தான், 4 இன்ச் பைப், வீட்டுப் பக்கவாட்டு சந்து வழியா ரோட்டு மெயினுக்குப் போகுது, நடுவுல மூணு சேம்பர் (மூடி போட்ட தொட்டி). அடிக்கடி அடைச்சுக்குது. பிளம்பர் வந்து ராடு விட்டு குத்துவார், தண்ணி கடகடன்னு இறங்கும், அவரும் கிளம்பிடுவார், ஒரு நல்ல மழை பெஞ்சா திரும்ப அதே கதை. டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா பாத்ரூம் தரை ஜாலியில குளுக் குளுக்னு சத்தம் வேற. இப்ப மொத்த லைனையும் தோண்டி புதுசா போட்டுடலாம்ங்கறார். தரையெல்லாம் உடைக்கணும். அதுக்கு முன்னாடி நாமளே எதாவது செக் பண்ண முடியுமா?

வாட்டம்_பாரு:
எங்க அடைக்குதுன்னே தெரியாம எதுக்கு சார் மொத்தத்தையும் தோண்டணும்? அடுத்த தடவை அடைக்கும்போது ராடு விடறதுக்கு முன்னாடி மூணு மூடியையும் திறந்து பாருங்க. ரொம்பி நிக்கிற கடைசி சேம்பருக்கும், காலியா இருக்கற அடுத்த சேம்பருக்கும் நடுவுலதான் அடைப்பு. மூணுமே ரொம்பி இருந்தா பிரச்சனை அதுக்கும் கீழ, ரோட்டு மெயின்லயா கூட இருக்கலாம், அப்ப நீங்க வீட்டுக்குள்ள எதைத் தோண்டினாலும் வேஸ்ட்.

அடைப்பு எடுத்தப்புறம் ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி அடுத்த சேம்பர்ல வர்றதைப் பாருங்க. சர்ருனு வரணும். தேங்கித் தேங்கி வந்தா வாட்டம், அதாவது பைப்போட சரிவு, போயிடுச்சுன்னு அர்த்தம். 4 இன்ச் பைப்புக்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம்னு கணக்கு, அதாவது சேம்பருக்கு சேம்பர் 20 அடி இருந்தா 6 இன்ச் இறக்கம் இருக்கணும். கொத்தனார் வச்சிருக்கற தண்ணி ரொப்பின டியூப் மட்டத்தை ரெண்டு சேம்பருக்கும் புடிச்சு, அந்த மட்டத்துலேருந்து பைப்போட அடி எவ்ளோ ஆழம்னு ரெண்டு பக்கமும் அளந்தா வித்தியாசம் தெரிஞ்சுடும். ஆனா ரெண்டு முனையும் சரியா இருந்து நடுவுல மட்டும் பைப் தொங்கிப் போயிருந்தா இதுல மாட்டாது, அதுக்கு பைப்புக்குள்ள கேமரா விட்டுத்தான் பாக்கணும்.

ராணி_மாடி:
கேமரா விடறதுன்னா முதல்ல ஜெட்டிங் (பிரஷர்ல தண்ணி பீச்சறது) அடிச்சு லைனைக் கழுவிட்டு அப்புறம் விடச் சொல்லுங்க. அழுக்கோட விட்டா லென்ஸ் முழுக்க சேறுதான் தெரியும், அதுக்கும் காசு வாங்கிட்டுப் போவாங்க 😀 ஸ்க்ரீன்ல எத்தனை மீட்டர்னு ஓடும், ரெக்கார்டிங்கை கையோட வாங்கி வச்சுக்கோங்க. ஓரிடத்துல லென்ஸ் தண்ணிக்குள்ள முங்கி கொஞ்ச தூரத்துல வெளிய வந்தா அங்கதான் பைப் தொங்குது. ஜாயிண்ட்ல முடிக்கத்தை மாதிரி தொங்கினா வேர். எந்த மீட்டர்னு தெரிஞ்சா அந்த ஒரு துண்டை மட்டும் மாத்தினா போதும்.

கிச்சன் லைன்ல எண்ணெய்ப் பிசுக்கு உறைஞ்சுதான் பாதி அடைப்பே வருது, சுடுதண்ணி ஊத்தினா கரையற மாதிரி இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போய் திரும்ப உறைஞ்சுக்கும். வெட் வைப்ஸும் டாய்லெட்ல போடாதீங்க, கவர்ல என்ன எழுதியிருந்தாலும் சரி.

பழைய_ராடு:
நீங்களே ராடு விடறதா இருந்தா வலது பக்கமாவே சுத்துங்க, இடது பக்கம் சுத்தினா மரை கழண்டு பாதி ராடு உள்ளயே தங்கிடும், அப்புறம் நிஜமாவே தோண்டணும்.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. மூடியைத் திறந்துட்டு கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்க, சேம்பருக்குள்ள தலையை விட்டுப் பாக்காதீங்க, யாரையும் உள்ள இறக்கவும் இறக்காதீங்க. நாத்தம் இல்லியே, கேஸ் இருக்காதுன்னு நினைக்கறது தப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானா மூக்கே மரத்துப் போயிடும், வாசனையே தெரியாது. அதே மாதிரி ப்ளீச்சிங் பவுடர் போட்ட லைன்ல ஆசிட் ஊத்தாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

சந்துவீடு:
நேத்து திரும்ப அடைச்சுது, திறந்து பாத்தேன். முதல் ரெண்டும் விளிம்பு வரைக்கும் ரொம்பி நிக்குது, மூணாவது காலி. அந்த மூணாவதோட அடியில ஒரு கைப்பிடி செம்மண்ணும் பொடிப் பொடியா வேரும் கெடக்கு. நடுவுல காம்பவுண்டு ஓரமா ஒரு வேப்பமரம் இருக்கு.

வாட்டம்_பாரு:
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதான், ஜாயிண்ட் விட்டிருக்கு. மழைத்தண்ணி அந்த வழியாத்தான் மண்ணை உள்ள இழுத்துட்டு வருது. ஜெட்டிங் அடிச்சு அந்தத் துண்டுக்கு மட்டும் கேமரா விடுங்க, மீட்டர் கணக்குப் பாத்து அந்த இடத்தை மட்டும் தோண்டுங்க, சந்துதானே, வீட்டுத் தரையில கை வைக்கவே வேணாம். அடைப்பு எடுத்தப்புறமும் ஜாலி குளுக்னு சத்தம் போட்டா மொட்டைமாடியில வென்ட் பைப் (லைனுக்கு காத்து போக வர வச்ச பைப்) வாயைப் பாருங்க, குருவி கூடு கட்டியிருக்கும்.

சந்துவீடு:
ஜெட்டிங்காரங்களை வரச் சொல்லியாச்சு. ரெக்கார்டிங் கிடைச்சதும் இங்க போடறேன்.