நிருபரிடம் செய்தி கொண்டுபோன அனுபவங்கள்

ஏரிக்கரை விவசாயி:
எங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். "பேப்பரில் வந்தால் உடனே சரியாகிவிடும்" என்று ஊரே சொன்னது. ஆனால் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று மாவட்ட நிருபரிடம் நாள்தோறும் மனுக்கள் வந்து குவிகின்றன. அவற்றில் எங்களுடையதை அவர் ஏன் எடுக்க வேண்டும்?

வழி காட்டியது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில். பொதுவாகக் கேட்காமல் புல எண்ணைக் குறிப்பிட்டு, அந்த இடம் வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எவ்வளவு செலவு என்று கேட்டோம். தூர்வாரியதாகச் செலவுக் கணக்கோடு பதில் வந்தது. வாய்க்காலிலோ மேடு அப்படியே இருந்தது. அந்தக் காகிதத்தையும், அதே இடத்தில் எடுத்த படத்தையும் சேர்த்துக் காட்டியதும் நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து அவர் கேட்டது, "பெயர் சொல்லிப் பேச யார் வருவார்கள்?" கடைமடையில் நாற்று காய்ந்த ஓர் அம்மா துணிந்து பேசினார். சங்கத் தலைவர் பேசியிருந்தால் இந்த வலு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, செப்டம்பரில் கொடுத்ததும் உதவியது. மழைக்கு முன் வாய்க்கால் திறக்குமா என்ற கேள்வி அப்போது எல்லோருக்கும் இருந்தது.

உதவி ஆசிரியர்:
செய்தியறையில் இருந்து சொல்கிறேன். தயவுசெய்து அறிக்கையைக் கடிதத்தாளில் அச்சடித்து, படம் பிடித்து அனுப்பாதீர்கள். முழுவதையும் நாங்கள் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. யூனிகோட் எழுத்தில் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். என்ன நடந்தது, எங்கே, யாருக்குப் பாதிப்பு என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். பலர் நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறார்கள். படங்களைத் தனிக் கோப்பாக அனுப்பி, இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பக்கம் முடிக்கும் மாலை நேரத்தில் சந்தேகம் கேட்டு அழைப்போம். அப்போது தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாததால் நல்ல செய்திகள் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

மாற்றுத்திறனாளியின் தாய்:
ஓர் அலுவலகத்தில் சாய்தளம் இல்லாததைச் செய்தியாக்க நினைத்தோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நிருபர்கள் எல்லோரும் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள் என்று அங்கே போனோம். அன்று அவர்களைச் சுற்றி அவ்வளவு கூட்டம். எங்களிடம் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வாரத்தின் நடுவில் ஒருவரைத் தனியாகச் சந்தித்தபோது, சாய்தளம் இல்லாத அந்த அலுவலகத்துக்கு அவரே உடன் வந்தார். என் மகனைப் படியில் தூக்கிச் சென்றதை நேரில் பார்த்தார். அதிகாரியிடமும் விளக்கம் கேட்டுச் சேர்த்தே எழுதினார். அதிகாரியின் பதிலைப் போடக் கூடாது என்று நம்மில் சிலர் சண்டை போடுகிறோம். வேண்டாம். "விரைவில் அமைப்போம்" என்று அச்சில் வந்த அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இப்போது தொடர்ந்து கேட்டுவருகிறோம்.