மறு: ஊரில் புயல் கட்டுப்பாட்டு அறை – 4 லட்சம் நன்கொடை

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் புயல் கட்டுப்பாட்டு அறை வைக்க, சிங்கப்பூர் சித்தப்பா சங்கத்தாரிடம் கேட்டிருக்கும் 4 லட்சம் பற்றி. நூலகக் கட்டடத்தில் ஏசி, கம்ப்யூட்டர், சுவரில் பெரிய டிவி, வாசலில் சங்கத்தின் பெயர்ப் பலகை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். புயலன்று அங்கே உட்கார்ந்து யார் யாருக்கு உத்தரவு போடுவது?

கட்டுப்பாட்டு அறை ஏற்கெனவே இருக்கிறது. நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸில், 1077. அதற்கு மேலே சென்னை எழிலகத்தில் மாநில மையம், 1070. ‘இன்ன ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் ஒரு நிறைமாதக்காரி’ என்று தகவல் போனால், லைனை நிறுத்த மின்வாரியம், மரத்தை அறுக்கத் தீயணைப்பு, அப்புறம் ஆம்புலன்ஸ் என்று வரிசைப்படுத்தி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. ஆம்புலன்ஸ் முதலில் வந்து மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் என்ன பிரயோசனம்?

ஆனால் தகவல் போகவேண்டுமே. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கரண்டும் போனது, செல்போனும் செத்தது. உள்கிராமங்கள் என்ன ஆயின என்பது வெளியே தெரியவே நேரம் பிடித்தது.

அப்போது நம் சங்கம் அனுப்பிய லாரி? யாரிடமும் சொல்லாமல் கிளப்பினோம், மெயின் ரோட்டு ஊர்க்காரர்களே எடுத்துக்கொள்ள, அங்கேயே காலி. அவர்களுக்கும் பசிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் காலனிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்து சேரவில்லை. கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்ற என் அப்பாவிடம் ‘அவர்களிடம் போய் நிற்கணுமா’ என்று கேட்டவர் யாரென்று அவருக்கே தெரியும். அப்போது வாங்கிய தார்ப்பாய்க்குப் பில் எங்கே என்று கீழத்தெரு அத்தான் இன்னும் கேட்பதும் நியாயம்தான்.

போன மாதம் ஊருக்குப் போன அக்கா புயல் பாதுகாப்பு மையத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். கூடம் முழுக்க உர மூட்டை. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கோழி அடைகாக்கிறது. சாவி யாரிடம் என்றால் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுகிறார்களாம். ஐப்பசி வரப்போகிறது.

1977 புயலில் தாத்தா அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகப் போய் எல்லாரையும் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிவந்தார் என்று பெரியம்மா சொல்வார். எந்த வீட்டில் எத்தனை தலை, யாரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்று அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

அந்தப் பட்டியலை எழுதி வி.ஏ.ஓ.விடம் ஒன்று, போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று கொடுப்போம். செல்போன் செத்தாலும் அங்கே வயர்லெஸ் உண்டு. தெருவுக்கு ஒரு பொறுப்பாள். மரம் அறுக்கும் மெஷின் இரண்டு, ஓட்டத் தெரிந்த பையன்கள், ஜெனரேட்டர் சர்வீஸ், டீசல். இதற்கு 4 லட்சம் ஆகாது. பில்லை மடலிலேயே போட்டுவிடுங்கள், அத்தான் பார்த்துக்கொள்வார்.

இதற்கென்றால் என் பங்கை இன்றே அனுப்புகிறேன். ஏசிக்கு என்றால் என்னை விட்டுவிடுங்கள். சித்தப்பா, பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால் மெஷின் மேலேயே எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மஸ்கட்டிலிருந்து,
மேலத்தெரு வாத்தியார் மகன்