பிங்க் ஃபிளாய்டுக்கு நடுவில் ரஸ்புதின்

இங்கே எல்லோரும் தாங்கள் முதலில் கேட்ட ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கதை கொஞ்சம் கோணல்.

1988. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் பாட்டு பதிந்து தரும் கடை இருந்தது. நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் நாலு நாளில் கேசட் கைக்கு வரும். மற்றவர்கள் இளையராஜா பட்டியலோடு நிற்க, நான் அலமாரியில் இருந்த ஒரு எல்பி இசைத்தட்டைக் காட்டினேன். கறுப்பு அட்டை, நடுவில் முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் ஒளி நுழைந்து மறுபக்கம் வானவில்லாகப் போகும். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973. அட்டை பிடித்திருந்தது, வேறு காரணமே இல்லை. "அதுல பாட்டு ரொம்பக் கெடையாதுடே, மணிதான் அடிச்சிக்கிட்டுக் கெடக்கும்" என்றார் கடைக்காரர்.

எல்பியின் முதல் பக்கம் சுமார் 19 நிமிடம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். மிச்ச நாடாவைக் காலியாக விட அவருக்கு மனசு வரவில்லை. போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் 'ரஸ்புதின்' பாட்டையும், அது முடிந்ததும் ஏதோ ஒன்றைப் பாதிவரையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் பக்கக் கடைசியில் ஒரு பெண், சொல்லே இல்லாமல் குரலாலேயே கதறுவார். கிளேர் டோரி. சாவைப் பற்றிய பாட்டு அது, பாடியதற்குக் கூலி 30 பவுண்டு. மெட்டில் அவருக்கும் பங்கு உண்டு என்று பெயர் சேர 2005 ஆனது. இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? தார்சாவில், அதாவது வீட்டு முன்கட்டில், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏல, யாருல செத்துப்போனா?"

நான் பதில் சொல்வதற்குள் ரஸ்புதின் குதித்து வந்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து சிடி வாங்கினேன். கிளேர் டோரி அடங்கியதும் நேராகச் சில்லறைக் காசு சத்தம். ரஸ்புதினைக் காணோம்! இன்றைக்கும் அந்த இடத்தில் என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன். ஆல்பம் என்றால் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் த வால்' (1979) நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல்தான், ஒரு பாட்டைக்கூடத் தாண்டத் தோன்றாது. அடுத்து வந்த 'த்ரில்லர்' விற்ற விற்பனைக்கு இதைப் பலர் மறந்தே போனார்கள். சிடி வந்ததும் 'டேஞ்சரஸ்' (1991) 77 நிமிடம். இடம் இருக்கிறது என்பதற்காக இலையில் பரிமாறிக்கொண்டே இருப்பதா?

●

அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம். கேசட் பார்த்து வளர்ந்தவள் இல்லை, செல்லில்தான் கேட்பேன். நீளம் பற்றி நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை. மேளம் சரியாக இருந்தால் எவ்வளவு நீளமும் கேட்கலாம்.

லெட் செப்பலினின் நாலாவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டு ஏழு நிமிடம். டிரம்ஸை ஒரு பழைய வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே வைத்து, மைக்கை மேலே இருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அடி வீட்டுச் சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வரும். முதல் தடவை கேட்டபோது எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைவிழாதான் ஞாபகம் வந்தது. அங்கே ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்மேளம், உச்சம், மந்தம் என்று இரண்டு. தோல் தொய்ந்தால் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். சாமக்கொடையில் மந்த மகுடம் விழும்போது அடிவயிறு அதிரும். லெட் செப்பலினில் டிரம்ஸ் அடித்த ஜான் பான்ஹாமிடம் அந்த அதிர்வு இருக்கிறது. மற்ற பல ராக் குழுக்களின் டிரம்ஸ் எனக்குத் தகர டப்பா.

அது ஆற்றுக் கரை உடைவதைப் பற்றிய பாட்டு. 1927 மிசிசிப்பி வெள்ளத்தை வைத்து கான்சஸ் ஜோவும் மெம்பிஸ் மின்னியும் 1929-ல் பாடியதைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் சிந்துபூந்துறையில் அத்தை வீட்டு மச்சில் இருந்தேன். கரண்ட் இல்லை. கீழே படியில் தண்ணீர் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இருந்த சார்ஜில் அந்தப் பாட்டைப் போட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் நாலைந்து மாதம் கேட்கவே இல்லை.

சரி, அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. இரண்டாம் பக்கம் 24 நிமிடம் என்றால் அங்கேயும் 6 நிமிடம் மிச்சம் இருந்திருக்குமே. அதில் என்ன இருந்தது?

●

தாயி, நல்லா பிடிச்சே. அந்த ஆல்பம் இதயத் துடிப்போடு முடியும். துடிப்பு தேய்ந்து தேய்ந்து அடங்கியதும் யேசுதாஸின் ஐயப்பன் பாட்டு. அது கார்த்திகை மாதம். கடைக்காரர் மாலை போட்டிருந்தார்.