இடைத்தரகரா, இடையீட்டாளரா?

குழுவினருக்கு வணக்கம். சட்ட மாணவர்களுக்கான பாடக்குறிப்பை வியாழனுக்குள் தர வேண்டும். அதில் 'financial intermediary' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேவை. எடுத்துக்காட்டு, மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸ். உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் 2011இல் அங்குள்ள ஃபிகோசா வங்கியில் 7 கோடி டாலர் போட்டது. அந்த வங்கியின் அன்றைய பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று தினாந்த் நிறுவனம். அகுவான் பள்ளத்தாக்கில் அதன் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைச் சுற்றி உழவர்களுடன் நிலத்தகராறு, கொலைகள். ஃபிகோசா யாருக்குக் கடன் தருகிறது என்பதைக் கழகம் சரியாக ஆராயவில்லை என்று அதன் குறைகேள் அலுவலகமே 2014 தணிக்கையில் சொன்னது. நடுவில் நிற்கும் வங்கிக்கு 'நிதி இடைத்தரகர்' என்று எழுதினேன். உறுத்துகிறது.
— க.

உறுத்தட்டும். மாட்டுச்சந்தைத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார், தரகு வாங்குவார், போய்விடுவார். மாடு ஒருநாளும் அவருடையது அல்ல. இந்த வங்கியோ பணத்தைத் தன் கணக்கில் சேர்த்து, தன் பெயரில் கடன் கொடுக்கிறது. தரகர் என்றால் அதன் பொறுப்பே கரைந்துவிடும். 'இடையீட்டாளர்' என்னுங்கள்.
— ந.

இடையீடு என்றால் தடை, ஐயா! அகராதியைப் பாருங்கள். தொல்காப்பியர் தோழி, பாணன், விறலி என்று பன்னிரண்டு வாயில்களை வரிசையாகச் சொல்கிறார். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய்வருபவர்கள். 'வாயில் வங்கி' போதுமே. வந்தவரைத் திருப்பி அனுப்ப, அதாவது 'வாயில் மறுக்க', தலைவிக்கு உரிமைகூட உண்டு. அகுவான் உழவர்களுக்கு அது கிடைக்கவில்லை.
— செ.

செ. ஐயா, மாணவர்கள் வாய்க்குள் வங்கி இருப்பதாகப் படிப்பார்கள் :) 'இடைநிலை வங்கி' எப்படி? பகுபதத்தில் காலம் காட்டுவது இடைநிலைதானே?
— இ.

இடைநிலை ஆசிரியர் மாதிரி, நடுத்தர வங்கி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஓய்வுபெற்றதே அந்தப் பதவியில்தான்.
— ந.

அப்படியானால் 'கைமாற்று வங்கி'?
— இ.

கைமாற்று, வட்டியில்லாமல் பக்கத்து வீட்டில் வாங்குவது அம்மா.
— ந.

சரி, நேரமில்லை. 'இடையீட்டு வங்கி' என்று போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'வாங்கிய பணத்தைத் தன் பொறுப்பில் கடனாகத் தரும் வங்கி' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். 'risk' என்பதற்குப் போட்ட 'இடர்' பற்றி நாளை கேட்கிறேன்.
— க.

தடை வங்கி என்றே மாணவர்கள் படிக்கட்டும். என் மறுப்பு பதிவாகட்டும். இடருக்கு 'ஏதம்' இருக்கிறது, சங்க இலக்கியச் சான்றுகளோடு காலையில் எழுதுகிறேன்.
— செ.