முளைநெல் விதைத்த வயலில் மழைநீர் தேங்கிவிட்டது: முழுவதையும் மறுபடி விதைப்பதா?

மண்டூர்க் கமக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். வெல்லாவெளிப் பக்கத்தில், மட்டக்களப்பு வாவிக்கு அண்மையான தாழ்ந்த வட்டையொன்றில் (வயல்வெளியில்) ஐந்து ஏக்கர் பெரும்போக வேளாண்மை செய்து வருகிறேன். மேட்டு வட்டைக்காரர்கள் புரட்டாதிக் கடைசியிலேயே புழுதி விதைப்பை முடித்துவிட்டார்கள். எங்கள் நிலத்திலோ ஐப்பசி மழை முந்திக்கொண்டதால் உழவு இயந்திரம் இறங்குவதே பெரும்பாடாகி, சேறடித்துப் பலகையிட்டு, கார்த்திகை பிறந்த பிறகுதான் முளைநெல் வீச முடிந்தது. இனம் பி.ஜி. 94-1, மூன்றரை மாத வயது (விதைப்பிலிருந்து அறுவடை வரை). விதைத்த மறுநாள் இரவு பிடித்த மழை விடாமல் பெய்து, வரம்பே தெரியாத அளவுக்கு நீர் நின்றது. இப்போது மூன்று ஏக்கரில் நீர் வடிந்து ஆங்காங்கே பச்சை தெரிகிறது. மற்ற இரண்டு ஏக்கரில் வக்கடையை (வரம்பில் நீர்விடும் திறப்பை) வெட்டினால், வடிச்சல் வாய்க்கால் நிரம்பியிருப்பதால், வெளி நீர்தான் உள்ளே வருகிறது.

விதைநெல் தீர்ந்துபோவதற்குள் வாங்கி முழுவதையும் மறுபடி விதைத்துவிடும்படி ஒரு சாராரும், பொறுத்துப் பார்க்கும்படி என் தந்தையாரும் சொல்கிறார்கள். மறுவிதைப்புச் செய்வதானால் எந்த வயது நெல் பொருத்தம்? களைநாசினி இன்னும் தெளிக்கவில்லை. நெற்சப்பி என்ற களையும் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சம்மாந்துறை வட்டை:

வணக்கம் சகோதரரே. விதைநெல்லைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னர் நீரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பள்ளக் காணிகள் மூழ்குவதற்கு மழை பாதிக் காரணம் என்றால், மேற்காணிக்காரர் அனைவரும் ஒரே இரவில் வக்கடைகளைத் திறந்துவிடுவது மீதிப் பாதி. இதைத் தனியாளாகப் போய்ப் பேசினால் சண்டையில்தான் முடியும். வட்டவிதானையை (வட்டையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவரை) அழைத்து, யார் எப்போது நீரை விடுவது என்று முறை வைத்துக்கொண்டால், வாய்க்கால் ஒரு பகலுக்காவது இறங்கும்; அந்த இடைவெளி பள்ளக்காணிக்குப் போதுமானது. வாய்க்காலில் சல்வினியா, ஆற்றுவாழை போன்ற நீர்க்களைகள் அடைத்திருந்தால் அவற்றை அள்ளுவதற்கும் வட்டையே சேர்ந்து இறங்க வேண்டும்.

இயந்திரம் வைத்து நீரை இறைக்க எண்ணினால், முதலில் வரம்பைச் சுற்றி நடந்து நண்டுப் பொந்துகளைப் பாருங்கள். அவற்றைச் சேறு வைத்து மிதித்து அடைக்காமல் இறைப்பது எரிபொருளுக்குக் கேடு.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:

தம்பி, உங்கள் தந்தையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அந்த மூன்று ஏக்கருக்கு மட்டுமே பொருந்தும்.

முளைநெல்லுக்கு நீரைவிட உயிர்வாயு முக்கியம். நீரின் கீழ் அகப்பட்ட விதை, காற்றைத் தேடித் தன் முளையுறையை வெள்ளை நூல்போல் மேலே நீட்டும். வேர் மட்டும் வளராது. அந்த நிலையில் நீர் வடிந்துவிட்டால் பல விதைகள் வேரூன்றிப் பிழைத்துக்கொள்ளும். வண்டல் படிந்து விதையை மூடியிருந்தாலோ, நீர் நாட்கணக்கில் நின்றிருந்தாலோ பிழைக்காது. ஆகவே வரம்பில் நின்று பார்த்து முடிவெடுக்காமல், வயலுக்குள் இறங்கிப் பல இடங்களில் விதையை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். உறுதியாகவும் வெண்மையாகவும் இருப்பது உயிருள்ளது. கபில நிறமாகிக் குழைந்து நாற்றமடிப்பது முடிந்துபோனது. நீர் வடிந்த பகுதியில் சதுர அடிக்குப் பத்து நாற்றுக்கள் திடமாக நின்றால், என் கணிப்பில் அதை அழிக்கத் தேவையில்லை. நெல் கிளைவிட்டு இடத்தை நிரப்பிக்கொள்ளும். வெறுமையான திட்டுக்களுக்கு, அடர்ந்து முளைத்த இடங்களிலிருந்து அதே இன நாற்றைப் பிடுங்கி நடுங்கள். வேறு வயது நெல்லைத் திட்டுத்திட்டாக வீசினால் ஒரே வயலில் ஒன்று முற்றி உதிரும்போது மற்றது பாலாக நிற்கும்.

மூழ்கிய இரண்டு ஏக்கருக்கு மறுவிதைப்புத்தான் வழி. வயது குறையக் குறைய நல்லது என்று பலர் நினைத்து, இரண்டரை மாத பி.ஜி. 250 ஐத் தேடுகிறார்கள். மார்கழித் தொடக்கத்தில் அதை விதைத்தால் அது தை மாத நடுப்பகுதியிலேயே பூத்துவிடும். நமது மாவட்டத்தில் தை மழையை நம்ப முடியாது என்பதை 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாத பி.ஜி. 300 மாசி மாதத்தை ஒட்டிப் பூக்கும். நீங்கள் முதலில் விதைத்த மூன்றரை மாத நெல்லுடன் ஏறக்குறைய ஒன்றாக அறுவடைக்கும் வரும். வட்டை வெட்டி முடிந்ததும் மாடுகள் இறங்கிவிடும் என்பதால், கடைசியாக நிற்கும் பச்சை வயலுக்குக் காவல் வைப்பது தனிச் செலவாகிவிடும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எதையும் இப்போது நினைக்க வேண்டாம்.

விதையை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். அவசரத்துக்கு ஆலைக் களஞ்சியத்து நெல்லை வாங்கி வீசுபவர்கள் பன்றிநெல் என்ற களைநெல்லையும் சேர்த்தே வீசுகிறார்கள். அது ஒருமுறை வயலில் உதிர்ந்தால் பல போகங்களுக்குத் தொல்லை தரும். சான்றுபடுத்தப்பட்ட விதை கிடைக்குமா என்று கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள். விதையை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, முளைகட்டும் நேரத்தில் மழை தொடர்ந்தால், சாக்கிலேயே விட்டுவைக்காமல் நிழலில் மெல்லியதாகப் பரப்புங்கள். சூடு தணிந்தால் முளை மெதுவாக வளரும். நீண்டுவிட்ட முளை வீசும்போதே ஒடிந்துவிடும்.

மறுவிதைப்பின்போது பலகையிட்ட கையோடு, சாக்கில் சேறு நிரப்பிக் கயிற்றால் இழுத்து, சில யார் இடைவெளியில் சிறு வடிகான்களைப் போட்டு அவற்றை வக்கடையுடன் இணைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் நம்மவர்கள் கூலிக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள்; தாழ்ந்த வட்டையில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறொன்று எனக்குத் தெரியாது.

யூரியாவுக்கு அவசரப்பட வேண்டாம். நீர் வடிந்து புதிய இலை விட்ட பிறகு இடுங்கள்; நிற்கும் நீரில் எறிந்தால் அது அயல் வயலுக்குத்தான் போகும். களைநாசினியைப் பொறுத்தவரை, விதைத்த சில நாட்களுக்குள் தெளிக்கும் வகைக்கான காலம் அந்த மூன்று ஏக்கரில் கடந்துவிட்டது. நெற்சப்பி இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போது, அந்தப் பருவத்துக்கு உரியதை, நீரை வடித்துவிட்டு, மழையற்ற நேரம் பார்த்துத் தெளிக்க வேண்டும்; அளவைச் சுட்டுத்துண்டில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டூர்க் கமக்காரன்:

மிக்க நன்றி ஐயா. சம்மாந்துறைச் சகோதரருக்கும் நன்றி. இன்று இறங்கிப் பார்த்ததில், மூன்று ஏக்கரில் பெரும்பாலான இடங்களில் நாற்று நிற்கிறது. வட்டவிதானையிடமும் பேசினேன். மேலிருந்து வரும் நீரைக் கட்டுப்படுத்தலாம் என்றும், வாவி மட்டம் இறங்காமல் எங்கள் வாய்க்கால் வடியாது என்றும் சொல்கிறார். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டும்படி கமக்காரர் அமைப்பின் மூலம் கோரலாமா?

படுவான்கரையான்:

கோரலாம்; ஆனால் அதன் மறுபக்கத்தையும் அறிந்து கோருங்கள். மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும்தான். மணல் திட்டு அடைத்திருக்கும்போது வெள்ளம் முழுவதும் நம் வயல்களில் ஏறி நிற்கும். வெட்டினால் மட்டம் விரைவாக இறங்கும் என்பது உண்மை. தேவைக்கு முந்தி வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்ப்பதும் நியாயமானதே. நமக்கும் ஒரு நட்டம் உண்டு: மழை ஓய்ந்ததும் திறந்த வாயால் உவர்நீர் உள்ளே ஏறி, மாசி பங்குனியில் வாவியோரக் காணிகளைத் தொடும். அதனால் கடைசியாக விதைத்தவனே அதிகம் பாதிக்கப்படுகிறான். உங்கள் இரண்டு ஏக்கரும் வாவியைத் தொட்டுக் கிடப்பதானால், அடுத்த பெரும்போகத்துக்கு உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 ஐ யோசியுங்கள். மூன்றரை மாத நெல் என்பதால் இந்தமுறை அதற்குக் காலம் போதாது.

இன்னொன்று: மறுவிதைப்புக்கு இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னரே அழிவைக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் அறிவித்து, நீர் நிற்கும் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக்குப் பார்வையிட வரும் அலுவலர் தாமதித்து வந்தால், அவர் கண்ணுக்குப் பச்சை வயல்தான் தெரியும்.